ஆட்டம் முடியும் முன் ஒரு வினைச்சொல்

அன்புள்ள ஐயா,

வணக்கம். பாலக்கோடு அருகே ஓர் அரசுப் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியையாக இருக்கிறேன். மாணவிகளுக்குக் கால்பந்து கற்றுத் தருகிறேன். ஸ்பானிய வர்ணனையோடு வரும் ஆட்டங்களைக் கைப்பேசியில் பார்க்கத் தொடங்கி, ஏழு மாதங்களாக அந்த மொழியைத் தனியாகவே படித்து வருகிறேன். ஆட்டத்துக்கான சொற்கள் ஒரு நோட்டு நிறையச் சேர்ந்துவிட்டன. நிகழ்கால ‘சுப்ஹுந்திவோ’ என்ற வினை வடிவத்துக்கு வந்ததும் நின்றுவிட்டேன். ‘கானா’ (வெல்கிறாள்) என்று படித்த வினை திடீரென்று ‘கானே’ என்று வருகிறது. விருப்பம், ஐயம், உணர்ச்சி என்று பாடப் புத்தகத்தில் பட்டியல் இருக்கிறது. மனப்பாடம் செய்தும் காதில் பிடிபடவில்லை. தமிழில் இதற்கு இணையாக ஏதேனும் உண்டா? ‘தர்மபுரியில் யாரோடு ஸ்பானிஷ் பேசப் போகிறீர்கள்?’ என்று சக ஆசிரியர்கள் கேட்கிறார்கள். அதற்கும் பதில் சொல்லுங்கள். அடுத்த மாதம் குறுவட்டப் போட்டி. என் பிள்ளைகளுக்குச் சொல்லித்தர ஒரு நல்ல ஸ்பானிய வாக்கியமும் வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி

அன்புள்ள ஆசிரியைக்கு,

உங்கள் மாணவிகள் ஆடும் ஓர் ஆட்டத்தையே எடுத்துக்கொள்வோம். இரண்டு பக்கமும் கோல் இல்லை. ஐந்து நிமிடம் மீதி இருக்கிறது. நீங்கள் எல்லைக்கோட்டருகே நிற்கிறீர்கள். ‘அவள் ஓடுகிறாள், பந்தைத் தள்ளுகிறாள்’ என்பவை உங்கள் கண்முன் செம்மண்ணில் நடக்கும் வினைகள். ‘இவள் அடிக்க வேண்டுமே, அவர்கள் தடுக்காமல் இருக்க வேண்டுமே’ என்பவை எங்கே நடக்கின்றன? உங்கள் நெஞ்சுக்குள் மட்டும். அவை மைதானத்துக்கு வந்து சேரலாம், சேராமலும் போகலாம். இந்த இரண்டாம் வகை வினைகளுக்கு ஸ்பானிய மொழி தனி உருவம் கொடுத்து வைத்திருக்கிறது, அதுதான் சுப்ஹுந்திவோ. ‘கானா’ என்பது மைதானத்து வினை, ‘கானே’ என்பது உங்கள் நெஞ்சுக்குள் ஓடும் வினை. பட்டியலை மூடி வைத்துவிட்டு இந்த ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டு ஒரு மாதம் வர்ணனையைக் கேளுங்கள்.

தமிழில் இணை உண்டா என்று கேட்டீர்கள். உண்டு, அதுவும் உங்கள் ஊரிலேயே. தர்மபுரியின் பழம்பெயர் தகடூர். அதியமான் நெடுமான் அஞ்சி தனக்குக் கிடைத்த அரிய நெல்லிக்கனியைத் தான் உண்ணாமல் ஔவையாருக்குக் கொடுத்த கதை உங்கள் மாணவிகளுக்கும் தெரியும். அதற்கு நன்றியாக ஔவையார் பாடியது புறநானூற்றின் 91ஆம் பாட்டு. அதில் ‘மன்னுக பெரும நீயே’ என்கிறார். ‘நீ நிலைத்திருக்கிறாய்’ என்று சொல்லவில்லை, ‘நிலைத்திருப்பாய்’ என்றும் சொல்லவில்லை. ‘மன்னுக’ என்பதில் காலமே கிடையாது, வேண்டுதல் மட்டும்தான் இருக்கிறது. நாம் பள்ளியில் வியங்கோள் வினைமுற்று என்று படித்தோமே, அதுதான். வாழ்க, வெல்க, வருக. ஸ்பானியர்கள் கூவும் ‘விவா’ என்ற சொல் ‘விவீர்’ (வாழ்) என்ற வினையின் சுப்ஹுந்திவோ வடிவம். நம் ‘வாழ்க’வும் அவர்களுடைய ‘விவா’வும் ஒரே வேலையைச் செய்கின்றன. உங்கள் பக்கத்தில் கன்னடம் பேசுபவர்களைக் கேளுங்கள். ‘வெல்லட்டும்’ என்பதற்கு ‘கெல்லலி’ என்பார்கள். அந்த ‘அலி’யும் இதே வேலையைச் செய்யும் ஈறுதான்.

ஆனால் இணை கிடைத்துவிட்டது என்ற மகிழ்ச்சியில் முழுவதையும் வியங்கோளாக மொழிபெயர்த்துவிடாதீர்கள். தமிழ் கைவிட்டு ஸ்பானியம் மட்டும் தனியே போகும் இடம் ஒன்று இருக்கிறது. நீங்கள் தடுக்கி விழுவது அங்கேதான் என்று நினைக்கிறேன். ‘அவள் வெல்வாள் என்று நினைக்கிறேன்’, ‘அவள் வெல்வாள் என்று நான் நினைக்கவில்லை’ என்ற இரண்டு வாக்கியங்களிலும் ‘வெல்வாள்’ அசையாமல் நிற்கிறது. மாற்றம் முழுவதும் கடைசி வினையில். ஸ்பானியத்தில் முதலாவது ‘க்ரேயோ கே கானா’, இரண்டாவது ‘நோ க்ரேயோ கே கானே’. நம்பிக்கை விலகியதும் உள்ளே இருக்கும் வினையும் நிறம் மாறிவிடுகிறது. தமிழ்க் காது வாக்கியத்தின் முடிவுக்காகக் காத்திருந்து பழகியது. ஸ்பானியத்திலோ ‘நோ க்ரேயோ’ முதலிலேயே வந்துவிடும், உங்கள் காது அங்கேயே விழித்துக்கொள்ள வேண்டும்.

இன்னொரு இடத்தில் தமிழ் உங்களுக்குத் துணை வரும். பயிற்சியில் நீங்கள் என்ன சொல்கிறீர்கள்? ‘நடுவர் விசில் ஊதியதும் நில்லுங்கள்.’ அவர் இன்னும் ஊதவில்லை, ஆனாலும் ‘ஊதிய’ என்று இறந்தகால வடிவத்தைப் போடுகிறோம். நடக்காத ஒன்றுக்கு வழக்கமான காலம் பொருந்தாது என்று நம் மொழிக்கும் தெரியும். ஸ்பானியம் அந்த இடத்தில் சுப்ஹுந்திவோவை வைக்கிறது. ‘குவாந்தோ பீத்தே எல் ஆர்பித்ரோ’ என்றால் நடுவர் இனிமேல் ஊதும்போது. ‘குவாந்தோ பீத்தா’ என்றால் அவர் ஊதும்போதெல்லாம், அதாவது ஏற்கெனவே நடந்து வரும் வழக்கம். ஒரே ஓர் உயிரெழுத்து மாறுகிறது, ஆனால் ஒன்று நாளைய ஆட்டம், மற்றொன்று தினசரி நடப்பு.

இதே நுட்பம் ஆள் தேடும்போதும் வரும். பந்தை நோக்கித் துணிந்து வெளியே வரும் கோல்கீப்பர் உங்கள் அணியில் இருந்தால் ‘கே சாலே’, அப்படி ஒருத்தியை இன்னும் தேடிக்கொண்டிருந்தால் ‘கே சால்கா’. நமக்கு இரண்டுக்கும் ‘வரும்’ ஒன்றே போதும். ஸ்பானியத்தில் வினையைக் கேட்டே அந்தப் பெண் அணியில் இருக்கிறாளா இல்லையா என்று சொல்லிவிடலாம்.

வடிவங்கள் எளியவை. ‘நான்’ என்பதற்கான நிகழ்கால வினையை எடுத்துக் கடைசி ‘ஓ’வை நீக்குங்கள். ‘ஆர்’ என்று முடியும் வினை என்றால் ‘ஏ’ போடுங்கள், ‘ஏர்’, ‘ஈர்’ என்று முடிந்தால் ‘ஆ’ போடுங்கள். ‘தெங்கோ’ தெங்கா ஆகும், ‘ஹுவேகோ’ ஹுவேகே ஆகும், ‘மார்க்கோ’ மார்க்கே ஆகும். முரண்டு பிடிப்பவை ஆறுதான்: சேயா, எஸ்தே, வாயா, ஆயா, சேப்பா, தே. இவற்றை மட்டும் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். விருப்பத்தைச் சொல்லும்போது எழுவாய் ஒன்றாகவே இருந்தால் சுப்ஹுந்திவோ வராது. ‘வெல்ல விரும்புகிறேன்’ என்பது ‘கியேரோ கானார்’. ‘நீ வெல்ல வேண்டும் என்று விரும்புகிறேன்’ என்பது ‘கியேரோ கே கானெஸ்’. தமிழும் இங்கே அதே இடத்தில்தான் பிரிகிறது.

உணர்ச்சி பற்றிய விதி உங்களைக் குழப்பியிருக்கும். ‘நீ வெல்வதில் எனக்கு மகிழ்ச்சி’ என்னும்போது வெற்றி உண்மைதானே, பிறகு ஏன் ‘கானெஸ்’? அந்த வாக்கியம் வெற்றியை அறிவிக்க வரவில்லை, என் மகிழ்ச்சியை அறிவிக்க வந்தது. வெற்றி அங்கே மீண்டும் நெஞ்சுக்குள் போய்விடுகிறது.

‘ஓஹலா’ என்ற சொல்லை உங்கள் நோட்டில் முதல் பக்கத்துக்குக் கொண்டுவாருங்கள். ‘ஓஹலா மார்க்கே’ என்றால் ‘அவள் கோல் போடட்டுமே’. இதன் பின்னால் சுப்ஹுந்திவோ தவிர வேறெதுவும் வராது. ஸ்பெயின் மண்ணில் 711 முதல் கிரனாதா நகரம் வீழ்ந்த 1492 வரை முஸ்லிம் ஆட்சி இருந்தது. அங்கே பேசப்பட்ட அரபியிலிருந்து வந்த இந்தச் சொல்லுக்கு ‘இறைவன் நாடினால்’ என்று பொருள். கிருஷ்ணகிரியில் ஒரு கடைக்காரர் ‘இன்ஷா அல்லா’ என்று சொல்லும்போதெல்லாம் அதன் உறவுச் சொல் ஒன்று மாத்ரித் மைதானத்திலும் ஒலிக்கிறது என்பது எனக்குப் பெரும் மகிழ்ச்சி தருகிறது.

உங்கள் சொற்பட்டியலைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஸ்பெயினில் கோல்கீப்பர் ‘போர்தேரோ’, வாயில்காப்போன். அர்ஜென்டினாவில் ‘ஆர்கேரோ’, வில்லாளி. அங்கே கோல் கம்பங்களின் பெயர் ‘ஆர்கோ’, அதாவது வில். தென் அமெரிக்காவில் மைதானத்துக்கு வழங்கும் ‘கான்ச்சா’ அங்குள்ள ஆண்டீஸ் மலைப் பழங்குடிகளின் கெச்சுவா மொழியிலிருந்து வந்தது. அதன் பொருள் அடைப்புள்ள முற்றம். ரசிகரை ‘இன்ச்சா’ என்கிறார்கள். உருகுவேயின் நசியோனால் அணிக்குப் பந்துக்குக் காற்றடித்துத் தந்த ஒருவர் எல்லாரையும் விட உரக்கக் கத்துவாராம், காற்றடிப்பவர் என்ற அவருடைய வேலைப் பெயரே ரசிகர்களுக்கு நிலைத்துவிட்டது என்று சொல்வார்கள். உங்கள் பிள்ளைகள் ‘கோல்’, ‘கார்னர்’ என்று கத்துவதைப் போலவே அவர்களும் ஆங்கிலத்திலிருந்து ‘கோல்’, ‘கோர்னெர்’, ‘பெனால்தி’ என்று எடுத்துக்கொண்டார்கள். நாம் ‘கால்பந்து’ என்று ஆக்கியதைப் போல ‘பலோம்பியே’ என்றும் ஆக்கிப் பார்த்தார்கள். அது பேச்சில் நிற்கவில்லை, செவியா நகரத்து ரியால் பெதிஸ் போன்ற சில அணிகளின் பெயரில் இன்றும் நிற்கிறது. ஒன்று செய்யுங்கள்: ஸ்பெயினோ அர்ஜென்டினாவோ ஒரே நாட்டு வர்ணனையைத் தேர்ந்து ஆறு மாதம் அதையே கேளுங்கள். இரண்டும் கலந்தால் நோட்டு பெருகும், காது கூர்மையாகாது.

சொற்களைத் தனியே எழுதுவதையும் நிறுத்துங்கள். ஆட்டம் தொடங்கும் முன் ஐந்து வாக்கியங்கள், ஆட்டம் முடிந்தபின் அதே ஐந்து வாக்கியங்கள் என்று எழுதுங்கள். 2023 ஆகஸ்ட் 20 அன்று சிட்னியில் நடந்த பெண்கள் உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தை மாணவிகளோடு மறுபடி பாருங்கள். முன்னால்: ‘ஓஹலா கானே எஸ்பான்யா.’ பின்னால்: ‘கானோ எஸ்பான்யா.’ ஸ்பெயின் வெல்லட்டும், ஸ்பெயின் வென்றது. ஓல்கா கார்மோனா 29ஆம் நிமிடத்தில் அடித்த ஒரே கோல்தான் இங்கிலாந்துக்கு எதிராக ‘கானே’யைக் ‘கானோ’ ஆக்கியது. விதி எதுவும் சொல்லாமலே உங்கள் மாணவிகளுக்கு வேறுபாடு புரிந்துவிடும்.

சக ஆசிரியர்களின் கேள்விக்கு வருகிறேன். ராயக்கோட்டைத் தக்காளிச் சந்தையில் ஒரு காலைப் பொழுது நின்றால் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றிலும் விலை பேசுவது கேட்கும். தேன்கனிக்கோட்டைப் பக்கம் வீட்டில் ஒரு மொழி, பள்ளியில் ஒரு மொழி, பஸ்ஸில் ஒரு மொழி என்று பிள்ளைகள் வளர்கிறார்கள். அவர்களை யாரும் ‘எதற்கு இத்தனை’ என்று கேட்பதில்லை. உங்கள் தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்கள் இரண்டும் தமிழ்நாட்டிலேயே மொழிகளுக்கு அஞ்சாத மண். அங்கிருந்து ஒருத்தி நான்காவதாக ஸ்பானியம் கற்பது எனக்கு மிக இயல்பாகப்படுகிறது. யாரோடு பேசப் போகிறீர்கள் என்பதை விட, நீங்கள் நேசிக்கும் ஆட்டத்தை இருபது நாடுகள் எந்தச் சொற்களால் நேசிக்கின்றன என்று கேட்கப் போகிறீர்கள். அது போதும் என்று அவர்களிடம் சொல்லுங்கள்.

மாணவிகளுக்கு ஒரு வாக்கியம் கேட்டீர்கள். களத்தில் இறங்கும்போது ‘வாமோஸ்!’ போதும். விதிப்படி ‘வயாமோஸ்’ என்றுதான் வர வேண்டும், ஆனால் மைதானம் முழுவதும் ‘வாமோஸ்’ என்றுதான் கத்தும். நடுவர் முன் இரண்டு அணியும் கைகுலுக்கும்போது எதிரணிப் பிள்ளைகளிடம் சொல்ல ‘கே கானே எல் மெஹோர்’. சிறந்தவர் வெல்க. ‘கானே’யின் முதல் எழுத்தைக் ‘கங்கை’யில் ஒலிப்பது போல ஒலிக்கச் சொல்லுங்கள். பொருளையும் தமிழில் சொல்லிக் கொடுங்கள், எதிரணிக்கும் சேர்த்து.

அன்புடன்.