நடு வரிசையில் நின்றுபோகும் சமாதானம்

கேள்வி: நான் 54 வயதான ஆசிரியை. பெண்கள் ஐக்கிய சங்கத்தில் பல ஆண்டுகளாகப் பொறுப்பில் இருக்கிறேன். அதிகாலை ஜெபத்தையும் வெள்ளிக்கிழமை உபவாசத்தையும் விட்டதில்லை. அம்மா காலமாகிச் சில ஆண்டுகளில் அப்பாவும் உயில் எழுதாமல் இறந்துவிட்டார். வீட்டில் எனக்குப் பங்கில்லை என்று தம்பி மனைவி உறவினர் முன்னிலையில் பேசிவிட்டாள். ஆறு வருடங்களாக அவளோடு எனக்குப் பேச்சு இல்லை. ஆலயத்திலும் அவள் இருக்கும் பக்கம் உட்காருவதில்லை. அன்புகூர வேண்டும் என்றால் பங்கை விட்டுக்கொடுக்க வேண்டும் என்றுதானே பொருள்? இதனால் நான் தேவனிடத்தில் வைத்திருக்கும் அன்பு குறைவுபட்டதாகிவிடுமா?
– ஒரு வாசகி, திருநெல்வேலி மாவட்டம்

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். மோசேயின் நியாயப்பிரமாணத்தில் எந்தக் கற்பனை, அதாவது கட்டளை, பிரதானமானது என்று நியாயசாஸ்திரி ஒருவன் இயேசுவிடம் கேட்டபோது, அவன் கேட்டது ஒன்றே ஒன்றைத்தான். இயேசுவோ இரண்டைச் சொன்னார். முழு இருதயத்தோடு தேவனிடத்தில் அன்புகூருவது முதலாவது. உன்னைப்போலப் பிறனிடத்தில் அன்புகூருவது இரண்டாவது. அந்த இரண்டாவதை அவர் ‘இதற்கு ஒப்பாயிருக்கிற’ கற்பனை என்றார் (மத்தேயு 22:39). முதலாவதை நிறைவேற்றிவிட்டு, நேரமும் மனமும் இருந்தால் செய்துகொள்ளலாம் என்று அதைத் தள்ளிவைக்க அந்த ஒரு சொல் இடம் கொடுப்பதில்லை. உங்கள் அதிகாலை ஜெபம் பொய்யென்று நான் சொல்லவில்லை. ஆறு வருடங்களாக அந்த ஜெபத்தில் ஒரு பெயர் மட்டும் வராமல் இருந்திருக்கும் என்று நினைக்கிறேன். கண்ட சகோதரனிடத்தில் அன்புகூராதவன் காணாத தேவனிடத்தில் எப்படி அன்புகூருவான் என்று யோவான் கேட்டது அந்தப் பெயரைப் பற்றித்தான்.

அடுத்தது பங்கு. அன்பு என்றால் உரிமையை விட்டுவிடுவது என்று உங்களுக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள். நம் குடும்பங்களில் பெண்களுக்கு மட்டுமே சொல்லப்படுகிற போதனை அது. இயேசு எடுத்துச் சொன்ன வசனம் லேவியராகமம் 19-ஆம் அதிகாரத்தில், 18-ஆம் வசனமாக இருக்கிறது. அதற்கு முந்தின வசனத்தைப் படித்துப் பாருங்கள்: உன் சகோதரனை உள்ளத்தில் பகைக்காதே, அவனை எப்படியும் கடிந்துகொள் என்கிறது. தவறு செய்தவரிடம் போய், முகத்துக்கு நேரே, இது தவறு என்று சொல்வதும் அன்பின் கற்பனைக்குள்தான் அடங்குகிறது. அதே அதிகாரம் கூலிக்காரனுடைய கூலியை விடியுமட்டும் கையில் வைத்திருக்கலாகாது என்கிறது. பிறருக்குச் சேர வேண்டியதை அது அற்பமாக எண்ணவில்லை. 1925-ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி, உயிலில்லாமல் இறந்த கிறிஸ்தவத் தகப்பனின் சொத்தில் மகனுக்கும் மகளுக்கும் சம பங்கு உண்டு. அதைக் கேட்பது பாவமல்ல. வேண்டுமானால் வக்கீலை வைத்தே கேளுங்கள். ஆனால் நீங்கள் கேட்கவுமில்லை, விடவுமில்லை, பேசாமல் இருந்துவிட்டீர்கள். அந்த மௌனத்தைத்தான் 17-ஆம் வசனம் ‘உள்ளத்தில் பகைப்பது’ என்கிறது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 1947-இல் தென்னிந்தியத் திருச்சபை உருவானபின் வந்த 1950-ஆம் ஆண்டுத் திருவிருந்து ஆராதனை முறையில், காணிக்கைக்கு முன்பு சமாதானம் கொடுக்கும் வழக்கத்தை வைத்தார்கள். கொடுப்பவர் தம் வலது உள்ளங்கையைப் பெறுபவரின் வலது உள்ளங்கையோடு சேர்த்து வைக்க, இருவருடைய இடது கைகளும் மேலே மூடிக்கொள்ளும். அது ஆயரிடமிருந்து புறப்பட்டு வரிசை வரிசையாக, கை மாறிக் கை மாறிப் பின்னால் வரும். பலிபீடத்தண்டையில் காணிக்கையை வைத்துவிட்டு முதலில் உன் சகோதரனோடே ஒப்புரவாகு என்ற வசனத்தை நம் கைகளே வாசிப்பது போன்றது அது. நீங்கள் எங்கே உட்காருவது என்று பார்த்துப் பார்த்து இடம் தேர்ந்தெடுக்கும் ஒவ்வொரு ஞாயிறும், அது உங்கள் இருவருக்கும் நடுவில் நின்றுபோகிறது.

எனவே நான் சொல்வது இதுதான். உங்கள் மனம் இளகட்டும் என்று காத்திருக்காதீர்கள். அன்புகூருவாயாக என்பது கட்டளை, மனநிலை தானாக மாறும்வரை அது தள்ளிப்போடப்படுவதில்லை. அடுத்த திருவிருந்து ஞாயிறுக்கு முந்தின சனிக்கிழமை மாலை, யாரையும் துணைக்கு அழைக்காமல் அந்த வீட்டுக்குப் போங்கள். நீங்கள் பிறந்து வளர்ந்த வீடு அது. வாசலில் நிற்கும்போது கண் கலங்கினால் கலங்கட்டும். நீ அன்றைக்குப் பேசியது என்னைப் புண்படுத்தியது, பங்கைப் பற்றித் தம்பியிடம் தனியாகப் பேசுவேன், ஆனால் உன்னோடு பேசாமல் இருந்தது என் தவறு என்று தம்பி மனைவியிடம் மூன்றையும் சேர்த்தே சொல்லுங்கள். ஒன்றைச் சொல்லி மற்றதை விழுங்கினால் ஆறு மாதத்தில் பழையபடி ஆகிவிடும்.

அவர் ‘வாங்க மதினி’ என்று உள்ளே அழைக்கலாம். முகத்தைத் திருப்பிக்கொண்டும் போகலாம். இரண்டாவதே நடந்தாலும், மறுநாள் ஆலயத்தில் அவருக்குப் பக்கத்து வரிசையில் போய் உட்காருங்கள்.