பஸ் ஸ்டாப் கூட்டம் யாருடைய வாடிக்கை?

கேள்வி: சிவகாசியிலிருந்து 12 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது எங்கள் ஊர். மக்கள் சுமார் 8,000 பேர். என் கணவர் ஒன்பது வருடம் மஸ்கட்டில் வேலை பார்த்துவிட்டுத் திரும்பியிருக்கிறார். கையில் 10 லட்சம் ரூபாய் இருக்கிறது. பஸ் ஸ்டாப்புக்கு எதிரே 600 சதுர அடிக் கடை ஒன்று வாடகைக்கு வருகிறது. அட்வான்ஸ் ஒரு லட்சம், மாத வாடகை 12,000. அதில் டிபார்ட்மென்ட் ஸ்டோர் மாதிரி மளிகைக் கடை போடலாம் என்று இருக்கிறோம். ஊரில் ஏற்கெனவே மூன்று மளிகைக் கடைகள் உண்டு. தெரிந்தவர்கள் 40 பேரிடம் கேட்டோம், எல்லோரும் "கண்டிப்பா வர்றோம்" என்கிறார்கள். பஸ் ஸ்டாப்பில் எந்நேரமும் கூட்டம்தான். அட்வான்ஸ் கொடுத்துவிடலாமா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, விருதுநகர் மாவட்டம்

பதில்: இன்னும் கொடுக்காதீர்கள், சகோதரி. கடை போட வேண்டாம் என்று சொல்லவில்லை. ஒரு மாதம் கழித்து முடிவெடுங்கள் என்கிறேன். ஒன்பது வருட வெயிலில் சேர்த்த பணம் அது. ஒரு மாத அலைச்சலுக்கு அது தகும்.

முதலில் அந்த 40 பேர். அவர்கள் பொய் சொல்லவில்லை. உங்கள் முகத்துக்கு நேரே வேறு என்ன சொல்வார்கள்? "கடை போட்டா வருவீங்களா" என்று கேட்டால் நம் ஊரில் யாரும் "வரமாட்டேன்" என்று சொல்வதில்லை. அந்தக் கேள்வியையே விட்டுவிடுங்கள். "கடைசியா துவரம்பருப்பு எப்ப வாங்குனீங்க, எந்தக் கடையில, எவ்வளவு?" என்று கேளுங்கள். நடந்து முடிந்ததைச் சொல்ல யாருக்கும் தயக்கம் இருக்காது. தெரிந்தவர்களை விட்டு, தெருவுக்கு நான்கு வீடாக முப்பது வீடு போங்கள். நீங்களே போவது நல்லது, அடுப்படி வரை உங்களை விடுவார்கள். எண்ணெய் பாக்கெட்டில் இருக்கிறதா, ஐந்து லிட்டர் கேனிலா? சாப்பாட்டு அரிசி மூட்டையாக வந்ததா, ஐந்து கிலோவாகவா? போன மாத மளிகை லிஸ்ட் இருந்தால் கேட்டு வாங்கிப் பாருங்கள். பத்து லிஸ்ட் கிடைத்தாலே பெரிய விஷயம்.

அதைப் படிக்கும்போது ரேஷனையும் கூட வைத்துப் படிக்க வேண்டும். 2011 ஜூன் முதல் அரிசி இலவசம். துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய்க்கும் பாமாயில் லிட்டர் 25 ரூபாய்க்கும் கார்டுக்கு ஒன்று கிடைக்கிறது. ரேஷன் அரிசியை ஒரு வீடு சாப்பாட்டுக்கு வைத்துக்கொள்கிறதா, இட்லி மாவுக்குப் போடுகிறதா என்பதைப் பொறுத்து, அந்த வீடு உங்களிடம் வாங்கப்போகும் அரிசியே மாறிவிடும். "எல்லாரும் சாப்பிடத்தானே செய்றாங்க" என்ற கணக்கு இந்த இடத்தில்தான் உடைகிறது. இன்னொன்று, ஊரில் எத்தனை குடும்பம் என்பதற்கு 2011 கணக்கெடுப்பை நம்பாதீர்கள், அது மிகவும் பழையது. ரேஷன் கடையில் எத்தனை கார்டு என்று விசாரியுங்கள்.

இப்போது அந்த பஸ் ஸ்டாப். இதில்தான் எனக்குப் பெரிய கவலை.

பல வருடங்களுக்கு முன்னால் என் உறவினர் ஒருவர் தென்காசிப் பக்கம் இதே மாதிரி பஸ் ஸ்டாப் எதிரே கடை போட்டார். முதல் வாரம் நான் கல்லாவுக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தேன். மாலை ஆறரை மணி டவுன் பஸ் வந்து நின்றது. நாற்பது பேருக்கு மேல் இறங்கினார்கள். எங்களுக்கு ஒரே சந்தோஷம். இறங்கிய பெண்களின் கைகளைப் பார்த்தேன். வயர் கூடை நிறைய சாமான். மஞ்சப்பை வாயில் கருவேப்பிலை நீட்டிக்கொண்டிருக்கிறது. ஒருவர் இடுப்பில் ஐந்து லிட்டர் எண்ணெய் கேன். அத்தனை பேரில் கடைக்குள் வந்தது மூன்றே பேர். இரண்டு பால் பாக்கெட், ஒரு பிரெட். மற்றவர்கள் எல்லோரும் டவுனிலேயே வாங்கி முடித்துவிட்டு வந்தவர்கள். அந்தக் கடை பதினான்கு மாதம் ஓடியது.

1931-இல் வில்லியம் ரெய்லி என்ற அமெரிக்கர் இதற்கு ஒரு விதி எழுதினார். இரண்டு ஊர்கள் நடுவிலுள்ள மக்களைக் கடைக்கு இழுக்கும் பலம், மக்கள்தொகை கூடினால் கூடும், தூரத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் குறையும் என்றார். உங்கள் ஊருக்கே போட்டுப் பார்க்கலாம். 2011-இல் சிவகாசி நகராட்சியில் சுமார் 71,000 பேர், உங்கள் ஊரைப்போல் ஒன்பது மடங்கு. ஒன்பதின் வர்க்கமூலம் மூன்று, அதாவது சிவகாசியின் இழுவை உங்கள் ஊரைப்போல் மூன்று மடங்கு தூரம் எட்டும். அதற்கு மூன்று பங்கு, உங்கள் ஊருக்கு ஒரு பங்கு, மொத்தம் நான்கு. 12 கிலோமீட்டரை நான்கால் வகுத்தால் மூன்று. அதாவது சிவகாசி சாலையில் உங்கள் ஊர்க் கடைகளின் இழுவை மூன்று கிலோமீட்டரோடு நின்றுவிடும். அதற்கு அப்பால் இருப்பவர்கள் சிவகாசிக்குத்தான் போவார்கள். இது தோராயக் கணக்குதான், ஆனால் கண்ணைத் திறக்கும். இதோடு 2021 மே மாதம் முதல் சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. வீட்டு மளிகை வாங்குகிற பெண்ணுக்கு டவுன் போய்வரும் செலவே இல்லாமல் போய்விட்டது. அந்தப் பயணம் எத்தனையோ பெண்களுக்கு வேலையும் படிப்பும் வெளியுலகமும் கொடுத்திருக்கிறது, மனசாரச் சந்தோஷப்படுகிறேன். ஆனால் கடை போடுகிறவர் அதைத் தன் கணக்கில் எழுதியே ஆக வேண்டும்.

ஆகவே கடைக்கு எதிரே டீக்கடை பெஞ்சில் உங்கள் கணவர் ஒரு நோட்டோடு உட்காரட்டும். இறங்குபவர்களில் நிறைந்த பையோடு எத்தனை பேர், வெறுங்கையோடு எத்தனை பேர் என்று கோடு போட்டு எண்ணட்டும். சனிக்கிழமை சாயங்காலம் கட்டாயம் இருக்க வேண்டும். உங்கள் பக்கம் பட்டாசு, தீப்பெட்டி, அச்சுத் தொழிலில் பலருக்கு அன்றுதானே வாரச் சம்பளம். சாதாரண செவ்வாய்க்கிழமை ஒன்று வேண்டும், காலை 6 முதல் 9 வரை. மாதத்தின் முதல் வாரத்தில் ஒரு நாள். மகளிர் உரிமைத் தொகை 1,000 ரூபாய் பதினைந்தாம் தேதியை ஒட்டி வருகிற வீடுகள் இருப்பதால் அப்போது ஒரு நாள். ஒரு எச்சரிக்கை: தீபாவளிக்கு முந்தைய மாதங்களில் மட்டும் எண்ணிவிட்டு முடிவெடுக்காதீர்கள். தீபாவளி முடிந்து பட்டாசு ஆலைகள் மூடியிருக்கும் வாரங்களில் எந்த வீட்டில் எவ்வளவு கையிருப்பு இருக்கும் என்று உங்களுக்கே தெரியும்.

வாரச் சம்பள வீட்டுக்கு மாத லிஸ்ட் கிடையாது. அவர்களுக்கு 50 கிராம் சீரகமும் கால் லிட்டர் எண்ணெயும் வேண்டும். ஷாம்பு பாட்டில் வாங்க முடியாத வீட்டையும் வாடிக்கையாகப் பார்த்துத்தான் கடலூர் சின்னிகிருஷ்ணன் அதைச் சிறு பாக்கெட்டில் அடைத்தார். அவர் மகன் ரங்கநாதன் 1983-இல் 'சிக்' ஷாம்புவைத் தொடங்கி அதே வழியில் வளர்ந்தார். உங்கள் முப்பது வீட்டில் வாரச் சம்பளம் எத்தனை, மாதச் சம்பளம் எத்தனை என்று தெரிந்தால், அலமாரியில் என்ன அளவு பாக்கெட் நிற்க வேண்டும் என்பதும் தெரிந்துவிடும். கண்ணாடிக் கதவும் ஏசியும் வேண்டுமா என்பதும்கூட. சில்லறையாக வாங்குகிறவர் கதவைத் தள்ளிக்கொண்டு வரத் தயங்குவதை நான் பார்த்திருக்கிறேன்.

இருக்கிற மூன்று கடைகளில் என்ன சரக்கு ஓடுகிறது என்பதைக் கடைக்காரர்கள் சொல்லமாட்டார்கள். ஏஜென்சி வண்டியில் லைனுக்கு வருகிற பையன்கள் சொல்வார்கள். எந்தக் கடை வாரத்துக்கு எத்தனை பெட்டி பிஸ்கட் எடுக்கிறது, யார் பணம் இழுத்தடிக்கிறார் என்பதெல்லாம் அவர்களுக்கு மனப்பாடம். விருதுநகரில் மொத்தக் கடையில் கேட்டாலும் துப்பு கிடைக்கும். அவசியம் விசாரிக்க வேண்டியது கடன் நோட்டு. பழைய கடையில் 3,000 ரூபாய் பாக்கி வைத்திருக்கும் குடும்பம், உங்கள் கடையில் விலை குறைவு என்றாலும் அந்தக் கடைக்காரர் கண் எதிரே உங்கள் படி ஏறாது. வந்தாலும் கடனுக்குத்தான் வரும். 10 லட்சத்தில் எவ்வளவு நோட்டில் போய் உட்காரும் என்று இப்போதே இருவரும் பேசி ஒரு தொகையில் கோடு கிழித்துக்கொள்ளுங்கள்.

உங்கள் தேவையையும் போட்டுப் பார்ப்போம். வாடகை 12,000, கரண்ட் 6,000, ஒரு ஆள் சம்பளம் 10,000, ஆட்டோ, பை, சேதாரம் 4,000, குடும்பச் செலவு 25,000. மொத்தம் 57,000. நூற்றுக்குப் பத்து ரூபாய் நிற்கும் என்று வைத்தால் மாதம் 5,70,000 ரூபாய்க்கு விற்க வேண்டும். நாளைக்கு 19,000. ஒரு பில் சராசரி 120 ரூபாய் என்றால் ஏறக்குறைய 160 பேர், தினமும், மழை நாளிலும். இப்போது ஊரிலேயே நன்றாக ஓடுகிற கடைக்கு எதிரே ஒரு முழு நாள் இருந்து, எத்தனை பேர் வாங்கிப் போகிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். அங்கேயே 160 தேறவில்லை என்றால், 12,000 வாடகையை அந்த இடம் தாங்காது.

எண்ணிக்கை வேறு கதையும் சொல்லலாம். பை நிறைய சாமானோடு இறங்குகிறவரும் பால், பிரெட், தோசை மாவு, பிள்ளைக்குத் தின்பண்டம், மறந்துபோன பெருங்காயம் வாங்குவார். அதற்கு 200 சதுர அடியும் பாதி முதலும் போதும். மாத மளிகைக்குத்தான் ஆள் உண்டு என்று தெரிந்தால், பஸ் ஸ்டாப்பே வேண்டியதில்லை. குடியிருப்புத் தெரு முனையில் பாதி வாடகைக்கு இடம் பிடித்து, லிஸ்ட் வாங்கி வீட்டில் கொண்டுபோய்க் கொடுக்கலாம்.

கட்டட உரிமையாளரிடம் 5,000 ரூபாய் டோக்கன் கொடுத்து ஒரு மாத அவகாசம் கேளுங்கள். முடிவு மாறினால் திருப்பித் தருவாரா என்பதைப் பேசி, எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அவர் அவகாசம் கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் அந்தச் சனிக்கிழமை சாயங்காலக் கணக்கையும் பத்து வீட்டு லிஸ்ட்டையும் எனக்கு அனுப்புங்கள். பார்த்துவிட்டு எழுதுகிறேன்.