ஊரகச் சமூகவியலாளர் என்னதான் வேலை செய்கிறார்?

கிராம மக்களின் வாழ்க்கையை ஆராயும் ஊரகச் சமூகவியல் படித்தால் என்ன வேலை என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்குப் பிடித்த உதாரணம் எவரெட் ரோஜர்ஸ். 1931-இல் அமெரிக்காவின் அயோவாவில் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். அப்பாவுக்குப் புது இயந்திரம் என்றால் உயிர். வீரிய ஒட்டு மக்காச்சோள விதையை மட்டும் தொட மாட்டார். 1936 வறட்சியில் பக்கத்து வயலில் ஒட்டுச்சோளம் நிமிர்ந்து நிற்க, இவர்கள் பயிர் வாடிப்போனது. அப்புறம்தான் மனம் மாறினார்.

நல்ல விதையை ஒருவர் ஏன் மறுக்கிறார்? இந்தக் கேள்வியையே ரோஜர்ஸ் வாழ்நாள் வேலையாக்கிக்கொண்டார். 1957-இல் முனைவர் பட்டம், பிறகு பேராசிரியர் பணி, 1960களில் தென் அமெரிக்க நாடான கொலம்பியாவின் கிராமங்களில் ஆய்வு. யார் சொல்லிக் கேள்விப்பட்டீர்கள், யாரை நம்பினீர்கள் என்று விவசாயிகளிடம் பொறுமையாக விசாரிப்பதுதான் இந்தத் தொழிலின் உயிர்நாடி. ஒட்டு விதையைப் பற்றி விற்பனையாளர் மூலம் தெரிந்துகொண்டாலும், பக்கத்துத் தோட்டக்காரர் சொன்ன பிறகே பலர் விதைத்தார்கள் என்பதை ரோஜர்ஸுக்கு முன்பே, 1943-இல் வெளியான வேறு ஆய்வாளர்களின் அயோவா ஆய்வு காட்டியது.