திரையின் பின்பக்கம்

அன்புள்ள ஐயா,

சிங்கப்பூரில் ஒரு பழம்பொருள் கடையில் கறுப்பு அரக்குப் பூசிய சீன மடக்குத் திரை ஒன்றைப் பார்த்தேன். ஓரமெல்லாம் வௌவால், பீச் பழம், கொக்கு. ‘கோரமண்டல் திரை’ என்றார் கடைக்காரர். நம் பக்கம் செய்ததா? எந்தச் சின்னத்துக்கு என்ன பலன்? வீட்டில் எந்தத் திசையில் வைக்கலாம்? அப்பாவுக்கு அடுத்த மாதம் அறுபது, அதற்குள் வாங்க நினைக்கிறேன்.

கவிதா

அன்புள்ள கவிதா,

திசையெல்லாம் என்னிடம் கேட்காதீர்கள். இந்தத் திரைகள் சீனாவில் செய்தவை. ஐரோப்பாவுக்குப் போகும் வழியில் சோழமண்டலக் கரைத் (ஐரோப்பியர் வாயில் ‘கோரமண்டல்’) துறைமுகங்களில் கப்பல் மாறியதால் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. பீச்சும் கொக்கும் நீண்ட ஆயுளுக்கு, வௌவால் நற்பேற்றுக்கு. சரி, அது முடிந்தது.

பலன் கேட்கிறீர்களே, அதுதான் வருத்தம். ஒரு மனிதர் இன்னொருவருக்குச் சொன்ன வாழ்த்தை ராசிக்கல் மாதிரி ஆக்கிவிட்டோம். கொஞ்ச நாளாகவே இது மனத்தில் ஓடிக்கொண்டிருந்தது.

காங்ஸி பேரரசர் காலத்துப் (1661–1722) பெரிய திரைகளில் பல பிறந்தநாள் பரிசுகள். பெரும்பாலும் 12 பலகைகள். அதிகாரி ஒருவருக்கு அறுபதோ எழுபதோ நிறையும்போது நண்பர்களும் உடன் வேலை செய்தவர்களும் சேர்ந்து கொடுப்பார்கள். பலகைமேல் களிமண் கலந்த பூச்சு, அதன்மேல் அரக்கு. அடிப்பூச்சு தெரியும்வரை அரக்கைச் செதுக்கி, பள்ளத்தில் வண்ணம் நிரப்புவார்கள். முன்பக்கம் அடிக்கடி வருவது சீனாவின் டாங் அரசமரபுக் காலத் தளபதி குவோ ட்ஸியியின் பிறந்தநாள் விழா. மகன்களும் மருமகன்களும் வணங்க வருவார்கள், நடுவில் கிழவர். பின்பக்கம் நீண்ட வாழ்த்துரை இருக்கும்: யாருக்கு, எந்த ஆண்டு, கொடுத்தவர்கள் யார் யார். ஓரத்து வௌவாலும் கொக்கும் அந்த ஒருவருக்காக வந்தவை.

ஓர் அருங்காட்சியகத்தில் இப்படியொரு திரையை வாழ்த்துப் பக்கம் சுவரோடு ஒட்டும்படி நிறுத்தியிருந்தார்கள். இடுக்கு வழியாக எட்டிப் பார்த்தேன், காவலர் அதட்டினார். எனக்கு இன்றும் ஆத்திரம் அடங்கவில்லை. அது யாருடைய அறுபது? ஐரோப்பாவில் இன்னும் மோசம். திரையை அறுத்து அலமாரிக் கதவாக்கினார்கள். விழா நாயகர் ஒரு வீட்டில், வணங்க வந்த பிள்ளைகள் வேறு வீட்டில்! வாழ்த்தைப் படிக்கத் தெரியாவிட்டால் போகட்டும், ரம்பத்தையாவது கீழே வைத்திருக்கலாம்.

அப்பாவுக்கு என்றால் தாராளமாக வாங்குங்கள். அறுபதுக்கு இதைவிடப் பொருத்தமான பரிசு ஏது? ஆனால் விலை பேசும் முன் திரையைத் திருப்பிக் காட்டச் சொல்லுங்கள். எழுத்து இருந்தால் படம் எடுத்து அனுப்புங்கள், சீனம் படிக்கத் தெரிந்த நண்பர் ஒருவர் இருக்கிறார்.