பாலிஹவுஸ் தக்காளியில் ஊசிப்புழு: மருந்துக்கு அடங்காதது ஏன்? முட்டையிலேயே பிடிப்பது எப்படி?

கேள்வி: "பாலிஹவுஸில் (பிளாஸ்டிக் தாள் போர்த்திய பயிர்க்குடிலில்) தக்காளி வைத்திருக்கிறோம். இலை கருகுகிறது, காயில் ஊசி குத்தினாற்போல் ஓட்டை. மருந்து மாற்றி மாற்றி அடித்தும் கொஞ்ச நாள் அடங்கி மறுபடி வருகிறது. உயிரியல் முறையில் கட்டுப்படுத்த முடியுமா?"

முடியும். ஆனால் புழுவைத் துரத்துவதை விட்டுவிட்டு முட்டைக்குக் குறிவைக்க வேண்டும். நான் வேப்பனப்பள்ளிப் பக்கம், குப்பம் எல்லையை ஒட்டிய ஊரில் பாலிஹவுஸ் தக்காளி செய்பவன். இந்தப் பக்கம் இதை ஊசிப்புழு என்றும் டூட்டா என்றும் சொல்கிறோம்.

முதலில் அதுதானா என்று உறுதி செய்யுங்கள். அடிபட்ட இலை ஒன்றைக் கிள்ளி வெயிலுக்கு நேரே தூக்கிப் பாருங்கள். மெல்லிய வெள்ளைக் கோடு வளைந்து நெளிந்து போனால் அது இலைத்துளைப்பான் ஈ, வேறு கதை. ஊசிப்புழு கோடு போடாது. இலையின் மேல்தோலும் கீழ்த்தோலும் அப்படியே இருக்க, நடுவிலுள்ள பச்சையை மட்டும் தின்று அகலமான திட்டாக்கிவிடும். வெளிச்சத்தில் அந்தத் திட்டு கண்ணாடித்தாள் மாதிரி தெரியும். ஒரு ஓரத்தில் கறுப்பாக எச்சம் குவிந்திருக்கும், மறு ஓரத்தில் புழு அசையும். இளசாக இருந்தால் வெளுப்பு, வளர்ந்தது பச்சை, முதுகில் இளஞ்சிவப்பு ஓடும். தலைக்குப் பின்னால் ஒரு கறுப்புப் பட்டை இருந்தால் சந்தேகமே வேண்டாம். காயில் பெரும்பாலும் காம்புக்கடியில், புல்லி இதழ் மறைத்த இடத்தில் துளை இருக்கும். எங்களிடம் செடி கட்ட வரும் அக்கா இலையைப் பார்ப்பதற்கு முன்பே "குருத்து ஒட்டிக்கினு இருக்குது தம்பி" என்பார். புழு நூல் விட்டு நுனிக்குருத்தைச் சேர்த்துக் கட்டிக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருக்கும்.

இது நம் ஊர்ப் பூச்சி இல்லை. தென் அமெரிக்காவில் பெரு நாட்டிலிருந்து 1917இல் முதலில் விவரிக்கப்பட்டது. 2006இல் ஸ்பெயினுக்குள் நுழைந்தது, 2014இல் மகாராஷ்டிராவில் தெரியவந்தது, அங்கிருந்து தெற்கே இறங்கிவிட்டது. வந்த இடத்தில் அதன் பழைய எதிரிகள் கூட வரவில்லை. நம்மிடம் இவ்வளவு ஆட்டம் போடுவதற்கு அது பெரிய காரணம்.

அந்துப்பூச்சி சாம்பல் நிறம், அரிசி நீளம்தான் இருக்கும். பகலில் இலைகளுக்கு நடுவே ஒளிந்துகொண்டு, இருட்டும் நேரத்திலும் விடியற்காலையிலும் பறக்கும். ஒரு பெண் பூச்சி தன் ஆயுளில் 260 முட்டை வரை இடும், அதில் பெரும்பகுதியை முதல் வாரத்திலேயே இட்டுவிடும். முட்டை அரை மில்லிமீட்டர்கூட இராது. இளம் இலைகளில், முக்கியமாக அடிப்பக்கத்தில் தனித்தனியாக வைக்கும். 4, 5 நாளில் பொரித்துப் புழு நேராக இலைக்குள் துளைத்துவிடும். உள்ளேயே தோலுரித்து நான்கு பருவம் வளரும். பிறகு பெரும்பாலானவை மண்ணில் இறங்கிக் கூட்டுப்புழுவாகும், சில இலை மடிப்பிலேயே கூடு கட்டும். முட்டையிலிருந்து பூச்சி வரை 14 டிகிரி வெப்பத்தில் சுமார் 76 நாள் ஆகிறது, 27 டிகிரியில் 24 நாள் போதும். டிசம்பர், ஜனவரியில் எங்கள் பக்கம் ராத்திரி குளிரும்போது அடங்கினாற்போல் இருந்து, பிப்ரவரி பிறந்ததும் கிளம்புவது இதனால்தான்.

இப்போது உங்கள் மருந்துக் கணக்கைப் பாருங்கள். அடிக்கும் அன்று புழு இலைத்தோலுக்குள், கூட்டுப்புழு மண்ணுக்குள். மாட்டுவது வெளியே இருந்த கொஞ்சம் பூச்சியும் அப்போதுதான் பொரித்த புழுவும்தான். பத்து நாளில் மண்ணிலிருந்து அடுத்த கூட்டம் எழும்பும். விலை கூடிய டயமைடு வகை மருந்துகளுக்கே இத்தாலியிலும் கிரீஸிலும் எதிர்ப்பு வந்துவிட்டதென்று 2015இல் பதிவாகியிருக்கிறது. அதனால் "இன்னும் வீரியமாக ஏதாவது" என்று கடையில் கேட்காதீர்கள்.

நகராமல், மறையாமல் இருப்பது முட்டை ஒன்றுதான். அதற்கு டிரைக்கோகிரம்மா என்ற குளவி இருக்கிறது. அரை மில்லிமீட்டர் அளவுதான், நம்மைக் கொட்டாது. அந்துப்பூச்சி முட்டைக்குள் தன் முட்டையை வைத்துவிடும். உள்ளே புழுவுக்குப் பதில் குளவி வளரும். கார்சைரா என்ற அரிசி அந்துப்பூச்சியின் முட்டைகளை அட்டையில் ஒட்டி, அதில் இந்தக் குளவியை வளர்த்துத்தான் டிரைக்கோ கார்டு தயாரிக்கிறார்கள். வாங்கும்போது அட்டையை வெளிச்சத்தில் பாருங்கள். குளவி ஏறிய முட்டை கறுத்திருக்கும், ஏறாதது வெளுப்பாகவே இருக்கும். வெளுப்பு நிறைய இருந்தால் அந்த அட்டை வேண்டாம்.

இனத்தைக் கேட்டு வாங்குங்கள். கரும்புக்கென்று எளிதாகக் கிடைப்பது கைலோனிஸ். தக்காளி ஊசிப்புழுவுக்கு பிரெட்டியோசம் அல்லது அக்கியே கேளுங்கள். உயிரியல் கட்டுப்பாட்டு ஆராய்ச்சி செய்யும் தேசிய நிறுவனம் (NBAIR) நமக்குக் கிட்டத்தில், பெங்களூரில்தான் இருக்கிறது. அங்கே விசாரித்தால் எந்த இனம் எங்கே கிடைக்கும் என்று தெரிந்துவிடும்.

அட்டையைச் சிறு துண்டுகளாக வெட்டி, வெயில் நேரே படாமல் இலைக்கடியில் மாலையில் கட்டுங்கள். எறும்பு ஏறினால் ராத்திரியோடு ராத்திரியாக முட்டையைக் காலி செய்துவிடும், எறும்புச் சாரி இருக்கும் வரிசையைத் தவிருங்கள். ஒரு தடவை கட்டிவிட்டு உட்கார்ந்துவிடக் கூடாது. ஊசிப்புழு முட்டையிலேயே இந்தக் குளவி பெருகி நிலைத்துவிடும் என்று நம்ப முடியாது. இனக்கவர்ச்சிப் பொறியில் (அதைப் பற்றிக் கீழே சொல்கிறேன்) முதல் பூச்சி விழுந்ததிலிருந்து வாரா வாரம் கட்டிக்கொண்டே போக வேண்டும். குளவி இருக்கும் நாளில் பைரித்ராய்டு மாதிரி ரசாயனப் பூச்சிமருந்து அடித்தால் அட்டைக்குக் கொடுத்த காசு அவ்வளவும் வீண்.

முட்டையில் தப்பியதற்கு பேசில்லஸ் துரிஞ்சியன்சிஸ் என்ற பாக்டீரியா மருந்து, சுருக்கமாக பி.டி. இது தின்றால்தான் கொல்லும். பொரித்த புழு இலையைக் கடித்து நுழையும்போதும், வளர்ந்த புழு ஒரு இலையை விட்டு இன்னொன்றுக்கு மாறும்போதும் வயிற்றுக்குள் போகும். வெயிலில் வீரியம் இழக்கும் என்பதால் மாலையில், அடி இலை நனையும்படி அடியுங்கள். குளவிக்கு இதனால் பெரிய தொந்தரவு இல்லை. நெசிடியோகோரிஸ் என்ற பச்சை நாவாய்ப்பூச்சியும் முட்டையை உறிஞ்சும். ஸ்பெயினில் அதை நம்பித்தான் நிறைய பேர் பயிர் செய்கிறார்கள். ஆனால் இரை குறைந்தால் தக்காளித் தண்டையே குத்திப் பழுப்பு வளையம் போடும். தானாக வந்தால் கொல்லாதீர்கள், காசு கொடுத்து வாங்கியும் விடாதீர்கள். இது என் அபிப்பிராயம்.

இனக்கவர்ச்சிப் பொறி கட்டாயம் வேண்டும். அகலமான தட்டில் தண்ணீரும் துளி சோப்பும் விட்டு, லூரை (பெண் பூச்சியின் வாசனை ஏற்றிய குப்பியை) அதற்குச் சற்று மேலே தொங்கவிட்டால் போதும். கதவருகே மட்டும் வைக்காதீர்கள், வெளியிலிருக்கும் பூச்சியையும் கூப்பிட்டது போலாகும். இதில் விழுவது ஆண் மட்டும். தப்பிய ஓர் ஆண் பல பெண்களோடு கூடும் என்பதால் பொறியே போதும் என்று இருக்க முடியாது. அட்டை எப்போது கட்டுவது என்று சொல்ல அது உதவும்.

பூச்சி உள்ளே எப்படி வருகிறது என்பதையும் பாருங்கள். எங்கள் பக்கம் வி.கோட்டா, பலமநேர், மதனப்பள்ளி மண்டிகளுக்குக் காய் போகிறது, காலி கிரேட் திரும்பி வருகிறது. அந்தக் கிரேட்டின் மூலையில் காய்ந்த இலையோடு கூட்டுப்புழுவும் வரும். கிரேட்டைக் கழுவி வெயிலில் போடாமல் பாலிஹவுஸுக்குள் ஏற்றாதீர்கள். நாற்றின் அடியிலையை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பாருங்கள். 40 மெஷ் (அங்குலத்துக்கு 40 கண்) வலை, இரட்டைக் கதவு, கிழிசலுக்கு உடனே தையல். வரப்பில் தானாக முளைக்கும் மணத்தக்காளியிலும் ஊமத்தையிலும் இந்தப் புழு பிழைக்கும், மணத்தக்காளி கீரைக்கு ஆகும் என்றுகூட பாலிஹவுஸ் ஓரத்தில் விட்டு வைக்க வேண்டாம்.

உங்கள் செடி பாதிக்கு மேல் போயிருந்தால் அட்டைக்குச் செலவழிக்க வேண்டாம். செடியைப் பிடுங்கி பாலிதீன் பையில் கட்டி வெயிலில் போடுங்கள், குழியில் சும்மா கொட்டினால் பூச்சி வெளியே வரும். பாலிஹவுஸை இழுத்து மூடி, உள்ளே பொறியை மட்டும் விட்டு வையுங்கள். மண்ணிலிருக்கும் கூட்டுப்புழுக்கள் வெளிவந்து, முட்டையிட இலை இல்லாமல் சாகும். பொறியில் ஒன்றும் விழாமல் சில வாரம் போன பிறகு நாற்றுக்கு அட்வான்ஸ் கொடுங்கள்.