கேள்வி நேரம்: சோழ நாட்டில் உள்நாட்டுப் போர்

கேள்வி: க்ரூசேடர் கிங்ஸ் 3 கணினி விளையாட்டில் 1066 தொடக்கத்தில் வீரராஜேந்திர சோழனாக ஆடுகிறேன். விளையாட்டையே மாற்றும் பெரிய மோட் (ரசிகர்கள் செய்த மாற்றத் தொகுப்பு) ஒன்றும் போட்டிருக்கிறேன். மன்னர் கண்ணை மூடிய கையோடு சிற்றரசர்கள் கிளம்பிவிடுகிறார்கள். உள்நாட்டுப் போரை அடியோடு அணைக்க இணையத்தில் எடுத்த சின்ன மோட் எதுவுமே வேலை செய்யவில்லையே?
– வாசகர், கும்பகோணம்

பதில்: உங்கள் பெரிய மோடும் அந்தச் சின்ன மோடும் ஒரே கோப்பைத் திருத்துவதாக இருக்கலாம். ஒரே பெயரில், ஒரே இடத்தில் இரண்டு கோப்பு இருந்தால் மோட் பட்டியலில் கீழே இருப்பதே செல்லுபடியாகும். சின்ன மோடைக் கீழே இறக்கினால் உள்நாட்டுப் போர் அடங்கலாம். ஆனால் பெரிய மோட் அந்தக் கோப்பில் சேர்த்ததெல்லாம் போய்விடும். ஆகவே நீங்களே ஒன்று செய்துகொள்வதுதான் நல்லது.

ஸ்டீம் (விளையாட்டு வாங்கும் தளம்) கோப்புறையில் வொர்க்‌ஷாப், அதில் கன்டென்ட், அதனுள் 1158310 (இந்த விளையாட்டின் எண்). பெரிய மோட் அங்கேதான் இருக்கும். அதன் காமன் கோப்புறையில் ஃபேக்‌ஷன்ஸ் (கிளர்ச்சிக் குழுக்கள்) என்று இருக்கிறதா பாருங்கள். இருந்தால் அதிலிருந்து கோப்பை எடுங்கள். இல்லையென்றால் மட்டும் மூல விளையாட்டிலிருந்து எடுங்கள். லாஞ்சரில் (விளையாட்டைத் தொடங்கும் திரை) புது மோட் ஒன்றை உருவாக்கி, அதே கோப்புறை அமைப்பில், அதே பெயரில் கோப்பை வையுங்கள்.

திறந்தால் சுதந்திரம் கேட்பது, வேறொருவரை அரியணையில் ஏற்றுவது, அரச அதிகாரத்தைக் குறைப்பது என ஒவ்வொரு ஃபேக்‌ஷனுக்கும் தனித் தொகுதி தெரியும். ஒவ்வொன்றிலும் 'யார் தொடங்கலாம்', 'யார் சேரலாம்' என்ற இரண்டு நிபந்தனைகளையும் 'ஆல்வேஸ் = நோ' ஆக்குங்கள். தொடங்குவதை மட்டும் அடைத்தால், சேமித்த ஆட்டத்தில் ஏற்கெனவே இருக்கும் ஃபேக்‌ஷனில் ஆள் சேர்ந்துகொண்டே இருக்கும். மூண்டுவிட்ட போர் இதனால் நிற்காது; அதை ஆடித்தான் முடிக்க வேண்டும்.

ஓர் அடைப்புக்குறி விட்டுப்போனாலும் கோப்பின் மீதிப் பகுதி கெட்டுவிடும். சேமிக்கும்போது 'யூடிஎஃப்-8 பிஓஎம்' வடிவம் தேர்ந்தெடுங்கள். பிறகு ஆவணக் கோப்புறையில் லாக்ஸ் உள்ளே எரர் லாகைத் திறந்தால் எந்த வரியில் பிழை என்று அதுவே சொல்லும். விளையாட்டோ பெரிய மோடோ புதுப்பிக்கப்படும் ஒவ்வொரு முறையும் கோப்பைப் புதிதாக எடுத்துத் திருத்த வேண்டும். பலரும் கோட்டைவிடும் இடம் இதுதான்.

கேள்வி: அணைக்காமல் அடக்கி ஆள வழி உண்டா?
– வாசகர், மன்னார்குடி

பதில்: உண்டு, நான் பரிந்துரைப்பதும் அதைத்தான். முக்கொம்பில் வெள்ளத்தைக் கொள்ளிடத்தில் திருப்புகிறோமே தவிர, ஆற்றையே அடைப்பதில்லை. இதுவும் அப்படித்தான். போரை வென்றால் கிளர்ந்தவர்கள் அத்தனை பேரும் உங்கள் சிறையில். கொடுங்கோலன் என்ற பெயர் வாங்காமல் அவர்கள் நிலத்தைப் பறிக்கலாம். அணைத்துவிட்டால் அந்த வாய்ப்பே இல்லை.

கணக்கு இதுதான். ஃபேக்‌ஷனின் படைபலம் உங்கள் பலத்தில் 80 சதவீதத்தைத் தாண்டினால் அதிருப்தி மாதாமாதம் ஏறும். 100-ஐத் தொட்டால் இறுதி எச்சரிக்கை வரும். ஆகவே எல்லோரையும் திருப்திப்படுத்தத் தேவையில்லை. பெரிய படை உள்ள ஓரிருவரை உருவினால் போதும், ஏற்றம் நிற்கும். அவர் வீட்டில் பெண் கொடுத்தோ எடுத்தோ கூட்டாளியாக்குங்கள்; கூட்டாளி உங்களுக்கு எதிரான ஃபேக்‌ஷனில் சேர முடியாது. அவர் ரகசியத்தைப் பிடித்து வலுவான ஹூக் (அவரைக் கட்டுப்படுத்தும் பிடி) வைத்திருந்தாலும் அப்படியே. பலம் மிக்க சிற்றரசருக்கு அமைச்சரவையில் இடம் தராவிட்டால் பெரிய வெறுப்பு விழும், அதை முதலில் சரிசெய்யுங்கள்.

வாரிசு மாறும் நேரம்தான் ஆபத்து. புதிய மன்னருக்கு 'ஆட்சி புதிது' என்ற குறை வேறு சேர்ந்துகொள்ளும். பங்கு பிரிந்த தம்பிகளுக்கு நிலமும் இருக்கும், அரியணை உரிமையும் இருக்கும். வரலாறும் அப்படித்தான் நடந்தது: 1070-இல் வீரராஜேந்திரனின் மகன் அதிராஜேந்திரன் சில மாதங்களிலேயே மறைய, தாய் வழியில் முதலாம் ராஜேந்திரனின் பேரனான வேங்கிக் குலோத்துங்கன் அரியணை ஏறினான். கிழவர் உயிரோடு இருக்கும்போதே மூத்தவனுக்கு நல்ல திருமண உறவுகளையும் கஜானாவில் கூலிப்படைக்கான தங்கத்தையும் சேர்த்து வையுங்கள்.

கேள்வி: எல்லாவற்றையும் அணைத்த பிறகும் குடியானவர்கள் எழுகிறார்களே?
– வாசகர், மயிலாடுதுறை

பதில்: அது தனி ஃபேக்‌ஷன். அதில் சேர்வது ஆள் அல்ல, மாவட்டம். சிற்றரசருக்கான நிபந்தனை அதைத் தொடாது. மாவட்டம் சேர்வதற்கான நிபந்தனையைத் தேடி மாற்ற வேண்டும். மோட் இல்லாமலே தீர்க்க, போரில் பிடித்த ஊர்களுக்குப் படைத்தலைவரை அனுப்பிக் கட்டுப்பாட்டை ஏற்றுங்கள். உங்கள் மதமும் பண்பாடும் பரவ மதகுருவையும் நிர்வாகியையும் வேலைக்கு விடுங்கள்.