‘சிஸ்டம் அப்படித்தான் காட்டுது சார்’: புதிய தொழிலாளர் சட்டமும் சம்பள சாஃப்ட்வேரும்

2025 நவம்பர் 21 அன்று நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளும் அமலுக்கு வந்தன. பழைய மத்தியச் சட்டங்கள் 29 அவற்றுக்குள் அடங்கிவிட்டன. அதன் பிறகு வருகிற கேள்விகளில் எது சட்டச் சிக்கல், எது சாஃப்ட்வேர் சிக்கல் என்று பிரிப்பதே பெரும்பாடாக இருக்கிறது. ஆலையிலிருந்தும் கேட்கிறார்கள், நகைக்கடையிலிருந்தும் கேட்கிறார்கள், சாஃப்ட்வேரை விற்ற கம்பெனியின் சப்போர்ட் மேசையில் இருப்பவர்களும் கேட்கிறார்கள்.

கேள்வி: சாஃப்ட்வேர் அப்டேட் ஆனதும் எல்லாருக்கும் பேஸிக், மொத்தச் சம்பளத்தில் பாதியாக ஏறிவிட்டது. பி.எஃப். கூடி, கைக்கு வருவது குறைந்துவிட்டது. ஆட்கள் என்னிடம் சண்டைக்கு வருகிறார்கள். சப்போர்ட்டில் கேட்டால் “கவர்மென்ட் ரூல் சார்” என்கிறார்கள். உண்மையா?
– மனிதவள அலுவலர், கப்பலூர்

பாதி உண்மை. பேஸிக்கைப் பாதியாக்கச் சொல்லிச் சட்டத்தில் எங்கும் இல்லை. ‘ஊதியம்’ எது என்பதற்குத்தான் புது வரையறை வந்திருக்கிறது. கொடுப்பது எல்லாமே ஊதியம். அதில் வீட்டு வாடகைப்படி, போக்குவரத்துப்படி, ஓவர்டைம், கமிஷன், முதலாளி கட்டும் பி.எஃப். என ஒரு பட்டியலை மட்டும் கழிக்கலாம். அப்படிக் கழிப்பது மொத்தத்தில் பாதியைத் தாண்டினால், தாண்டிய தொகையைத் திரும்ப ஊதியத்தில் சேர்க்க வேண்டும்.

ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள். மொத்தம் 30,000: பேஸிக் 9,000, வாடகைப்படி 9,000, போக்குவரத்து 4,000, ஸ்பெஷல் அலவன்ஸ் 8,000. கழிக்கக்கூடியவை வாடகையும் போக்குவரத்தும், ஆக 13,000. பாதியான 15,000-ஐத் தாண்டவில்லை. ஸ்பெஷல் அலவன்ஸ் கழிக்கும் பட்டியலில் இல்லை என்பதைத்தான் பலரும் கவனிப்பதில்லை. எனவே ஊதியம் 17,000. பேஸிக்கில் கை வைக்கவே வேண்டியதில்லை.

பி.எஃப். கட்டாயமாகப் பிடிக்க வேண்டிய ஊதியத்தின் உச்சவரம்பு 2014 செப்டம்பரிலிருந்து 15,000. அதில் 12 சதவீதம் 1,800. இதுவரை பேஸிக் 9,000-க்கு மட்டும் 1,080 பிடித்திருந்தால் இனி 720 ரூபாய் கூடும், அதை மறைக்க முடியாது. ஆனால் எல்லாருக்கும் ஒரே மாதிரி தரும் அலவன்ஸையும் பி.எஃப். கணக்கில் சேர்க்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2019 பிப்ரவரியிலேயே சொல்லிவிட்டது. அப்போதே சேர்த்தவர்களுக்கு இப்போது ஒரு பைசா மாறாது. உங்கள் சம்பளச் சீட்டில் 2,040 பிடித்திருந்தால் முழு 17,000-க்கும் கணக்கிட்டிருக்கிறது என்று பொருள். அப்டேட்டில் உச்சவரம்பு டிக் கழன்றிருக்கும், அதை முதலில் பாருங்கள்.

பெரிய செலவு இருப்பது கிராஜுவிட்டியில், அதாவது வேலையை விடும்போது தரும் பணிக்கொடையில். கடைசி ஊதியத்தை 15-ஆல் பெருக்கி, 26-ஆல் வகுத்து, வருடங்களால் பெருக்குவது அந்தக் கணக்கு. மேலே சொன்னவருக்குப் பத்து வருட சர்வீஸ் இருந்தால், 9,000-க்கு 51,923 ரூபாய் வரும். 17,000-க்கு 98,077. முதலாளியிடம் இதை இப்போதே சொல்லிவையுங்கள்.

சம்பள அமைப்பை மாற்றுவது உங்கள் நிர்வாகம் எடுக்க வேண்டிய முடிவு. சாஃப்ட்வேர் கம்பெனி ராத்திரியோடு ராத்திரியாகச் செய்கிற வேலையில்லை அது. பழைய அமைப்பையே திரும்பப் போட்டுத் தரச் சொல்லி எழுத்தில் கேளுங்கள்.

கேள்வி: வேலையை விட்டுப் போகிறவருக்கு இரண்டு நாளில் கணக்கு முடிக்க வேண்டுமாமே? எங்கள் சாஃப்ட்வேர் மாதக் கடைசியில்தான் செட்டில்மென்ட் போட விடுகிறது.
– மருத்துவமனை கணக்காளர், கே.கே. நகர்

ஆமாம், இரண்டு வேலை நாள். முன்பு நிர்வாகமே நீக்கினால்தான் இந்த அவசரம். இப்போது ராஜினாமா செய்தவருக்கும் அதுதான். கிராஜுவிட்டிக்கு மட்டும் 30 நாள் அவகாசம்.

மாதத்தின் நடுவில் ஒருவருக்கு மட்டும் சம்பளம் ஓட்டும் வசதி பெரும்பாலான சாஃப்ட்வேர்களில் உண்டு, பூட்டி வைத்திருப்பார்கள். ‘ஆஃப் சைக்கிள்’ என்று கேட்டால் புரிந்துகொள்வார்கள். இல்லவே இல்லை என்றால் கையால் கணக்குப் போட்டு வங்கியில் அனுப்பிவிட்டு, மாதக் கடைசியில் அந்தத் தொகையை முன்பணமாகக் கழித்துக்கொள்ளுங்கள். வருமான வரிப் பிடித்தம் விட்டுப்போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சொல்லப்போனால் தாமதத்துக்குக் காரணம் பல இடங்களில் சாஃப்ட்வேர் கிடையாது. நர்ஸ் ஒருவர் போன பிறகுதான் ஸ்டோரிலும் ஹாஸ்டலிலும் நோ-டியூ (‘பாக்கி இல்லை’) கையெழுத்துக்கு ஆள் தேடுகிறார்கள். அதைக் கடைசி நாளுக்கு முன்பே முடியுங்கள்.

கேள்வி: ஜூலையில் சம்பளம் ஏறி ஒருவரின் ஊதியம் 21,500 ஆகிவிட்டது. இ.எஸ்.ஐ. நிறுத்தலாமா?
– நகைக்கடை, தெற்கு ஆவணி மூல வீதி

இப்போது வேண்டாம். தொழிலாளர் காப்பீடான இ.எஸ்.ஐ.-யின் ஊதிய வரம்பு 21,000. அதைத் தாண்டினாலும் அந்த அரையாண்டு, அதாவது செப்டம்பர் 30 வரை, தொடர்ந்து பிடிக்க வேண்டும், அதுவும் முழு 21,500-க்கு. அவர் பங்கு 0.75 சதவீதம், உங்கள் பங்கு 3.25.

கேள்வி: நான் மனிதவள சாஃப்ட்வேர் கம்பெனியில் சப்போர்ட்டில் இருக்கிறேன். “இது சட்டப்படி சரிதானா, எழுதிக் குடும்மா” என்று வாடிக்கையாளர்கள் கேட்கிறார்கள். மேனேஜர் “எதையாவது சொல்லிச் சமாளி” என்கிறார். என்ன சொல்வது?
– இலந்தைக்குளம்

சமாளிக்காதீர்கள் அம்மா. மெயிலில் போனது நாளைக்கு ஆய்வாளர் மேசையில் இருக்கும்.

பி.எஃப். 12 சதவீதம், இ.எஸ்.ஐ. 0.75 சதவீதம் போன்ற விகிதங்கள் தப்பாக இருந்தால் அது உங்கள் கம்பெனியின் தவறு. ஒப்புக்கொண்டு, எந்தத் தேதிக்குள் சரியாகும் என்று சொல்லுங்கள். ஆனால் அவர்கள் தரும் இன்சென்டிவ் ஊதியமா, கமிஷனா என்பதை நீங்கள் தீர்மானிக்கக் கூடாது. “எங்கள் சாஃப்ட்வேர் இந்த அலவன்ஸை ஊதியத்தில் சேர்த்துக் கணக்கிடுகிறது. மாதிரிக்கு ஒருவரின் கணக்கு இதோ. சேர்க்க வேண்டுமா என்பதை உங்கள் ஆலோசகரிடம் உறுதிசெய்து எழுதுங்கள், அதன்படி மாற்றித் தருகிறோம்.” இப்படி எழுதினால் போதும். ‘சட்டப்படி’ என்ற சொல் உங்கள் பதிலில் வருகிறதென்றால் கூடவே பிரிவு எண்ணும் வர வேண்டும்.

மாதக் கடைசியில் சாயங்காலம் வரும் அழைப்புக்கு வேறு மரியாதை. அப்போது சட்டம் பேசாதீர்கள். “பேங்க் ஃபைல் போயாச்சா அண்ணே?” என்று, சம்பளப் பட்டியல் வங்கிக்குப் போய்விட்டதா என்பதை முதலில் கேளுங்கள். போகவில்லை என்றால் அதை அனுப்பவைப்பதுதான் வேலை, மற்றது நாளைக்கு. “போன மாசம் சரியாத்தானம்மா இருந்துச்சு” என்று அவர் சொன்னால் அதைப் புலம்பலாக எடுக்காதீர்கள். இரண்டு மாதச் சம்பளச் சீட்டையும் வாங்கிப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள், தவறு அங்கேயே தெரிந்துவிடும்.

இன்னொன்று மேனேஜரிடம் சொல்லிப் பாருங்கள். அப்டேட்டுக்கு முன்னால் இரண்டு வரி, தமிழில்: எது மாறுகிறது, எந்தத் தேதியிலிருந்து. ஆங்கிலத்தில் நான்கு பக்கம் அனுப்பினால் மாசி வீதிக் கணக்குப்பிள்ளை அதைத் திறக்கக்கூட மாட்டார், உங்களுக்குத்தான் போன் போடுவார்.

கேள்வி: அழகர் ஆற்றில் இறங்கும் நாளுக்குக் கலெக்டர் உள்ளூர் விடுமுறை விட்டார். சாஃப்ட்வேரில் வேலை நாளாகக் காட்டி எங்களுக்கு ஒரு நாள் சம்பளம் பிடித்துவிட்டார்கள்.
– தொழிலாளி, செல்லூர்

அந்த அறிவிப்பு அரசு அலுவலகங்களுக்கும் பள்ளி, கல்லூரிகளுக்கும்தான், வங்கிகளுக்கே பொருந்தாது. உங்களுக்குப் பொருந்துவது 1958ஆம் ஆண்டு தமிழ்நாட்டு விடுமுறைச் சட்டம். ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, கூடவே ஐந்து பண்டிகை நாட்கள். அந்த ஐந்தில் சித்திரைத் திருவிழா இருக்கிறதா என்று நோட்டீஸ் போர்டில் பாருங்கள். இருந்தும் பிடித்திருந்தால் திருப்பித் தர வேண்டும். இல்லையென்றால் அடுத்த வருடப் பட்டியல் போடும்போதே கேட்டுச் சேர்த்துக்கொள்ளுங்கள். மதுரையில் கம்பெனி நடத்திக்கொண்டு அந்த நாளை வேலை நாளாக வைக்கிறவரின் தைரியத்தை மெச்சத்தான் வேண்டும்.

கேள்வி: குறித்த கால ஒப்பந்தக்காரருக்கு ஒரு வருடத்தில் கிராஜுவிட்டி என்கிறார்கள். 11 மாதம், 11 மாதமாகப் போட்டால் தப்பிக்கலாமா?
– ஆலை உரிமையாளர், மேலூர்

அதில் இதைவிடப் பெரிய சிக்கல் வரும். 24 மாதத்தில் 480 நாள் தொடர்ந்து வேலை பார்த்தவரை நிரந்தரமாக்கச் சொல்லும் 1981ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது. நடுவில் சும்மா நாலு நாள் இடைவெளி விட்டால் நீதிமன்றம் கண்ணை மூடிக்கொள்ளும் என்று நம்ப வேண்டாம். ஒரு வருடக் கிராஜுவிட்டி என்பது ஏறக்குறைய அரை மாத ஊதியம். கொடுத்துவிடுங்கள்.

கேள்வி: புதிய ஆட்களின் ஆதார், வங்கிப் புத்தக நகல்களை சப்போர்ட்டுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பலாமா?
– விளக்குத்தூண்

கூடாது. 2023ஆம் ஆண்டு தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி ஊழியர் விவரத்துக்குப் பொறுப்பு நீங்கள்தான், சாஃப்ட்வேர் கம்பெனி உங்கள் சார்பில் கையாள்கிறது, அவ்வளவே. சாஃப்ட்வேருக்குள்ளேயே பதிவேற்றுங்கள். இதுவரை அனுப்பியதை அவர்கள் போனிலிருந்து அழிக்கச் சொல்லி மெயிலில் கேளுங்கள்.